பலர் கூடி எடுக்கும் முடிவு: ஓர் அளவையியல் பாடம்



நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒரு பள்ளியில், ஏழை மாணவியருக்கென ஒருவர் வைத்துச்சென்ற நிதியிலிருந்து உதவித்தொகை வழங்க மூவர் கொண்ட குழு ஒன்று இருந்தது. அம்மூவருள் நாமும் ஒருவர். ஓராண்டு ஒரு மாணவியின் விண்ணப்பத்தைக் குழு மறுத்துவிட்டது. மறுநாள் அவளுடைய தந்தையார் பள்ளிக்கு வந்தார். அவர் சினந்து பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, எங்களுக்குத் தேவையில்லை என்று முடிவு செய்தீர்களா, பிள்ளைக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்தீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள், போய்விடுகிறேன்” என்றார்.

“அது குழுவின் முடிவு” என்பதற்கு மேல் நம்மால் ஒன்றும் கூற இயலவில்லை. நாம் எதையும் மறைக்கவில்லை. அவருடைய கேள்விக்கு உண்மையிலேயே எங்களிடம் விடை இருக்கவில்லை. இரண்டில் ஒன்று காரணமாக இருந்தாக வேண்டுமே, அவ்வாறிருக்க விடை இல்லாமற் போனது எங்ஙனம்? இது நமக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. விளங்கியதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணும் அளவையும் நம் மரபுச் செல்வம்

பலருடைய கருத்துகளை ஒன்றாக்கி ஒரு முடிவு காணும் முறைகளைக் கணித அளவையியலின் துணைகொண்டு ஆராயும் துறைக்குச் சமூகத் தேர்வுக் கோட்பாடு என்று பெயர். பெயர் புதியதாயினும் எண்ணும் அளவையும் நமக்கு அயலானவை அல்ல. நாம் வாழும் குறிஞ்சிப்பாடியிலிருந்து வடகிழக்கே இருப்புப்பாதை வழியே சென்றால் கடலூரையும் அதன் பகுதியான திருப்பாதிரிப்புலியூரையும் அடையலாம். பழங்காலத்தில் அங்கே சமணப் பெரும்பள்ளி ஒன்று விளங்கியது. சர்வநந்தி முனிவரின் லோகவிபாகம் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், பாடலிகை என்னும் ஊரில் நிறைவுற்றதாக அந்நூலின் வடமொழி வடிவம் கூறுகின்றது. அப்பாடலிகை இத்திருப்பாதிரிப்புலியூரே என்பர் அறிஞர். சுழியத்தோடு கூடிய இடமதிப்பு எண்முறையைக் கையாண்ட, காலம் அறியப்பெற்ற மிகப் பழைய நூல்களுள் அஃது ஒன்று.

அளவை நூலிலும் நம் முன்னோர் பின்தங்கியவர் அல்லர். பிற சமயக் கணக்கரோடு வாதிட்டு வெல்லும் தருக்க நூலாகவே நீலகேசி அமைந்துள்ளது. அதனைச் சமய திவாகர வாமன முனிவரின் உரையோடு 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். ஆகவே கணக்கும் தருக்கமும் கலந்த இப்பாடத்தை நம்மவர் அச்சமின்றிக் கற்கலாம். கூட்டல் கழித்தல் அறிந்தோர் அனைவருக்கும் இது விளங்கும்.

முதற் பாடம்: சுற்றிச் சுற்றி வரும் பெரும்பான்மை

எடுத்துக்காட்டுக்காக ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அவ்வூரில் நம் குடும்பங்கள் 15 உள்ளன. ஜினாலயப் பொதுநிதியில் ஒரு செயலுக்கு மட்டுமே பணம் உள்ளது. கோபுரத் திருப்பணி, சிறுவர்க்கு அறநெறிப் பாடசாலை, யாத்திரிகர் தங்கும் விடுதி என மூன்று யோசனைகள் முன்வைக்கப்படுகின்றன. குடும்பத்தார் தத்தம் விருப்பத்தை வரிசைப்படுத்திக் கூறுகின்றனர்.

முதல் 5 குடும்பங்கள்: திருப்பணி, பாடசாலை, விடுதி.
அடுத்த 5 குடும்பங்கள்: பாடசாலை, விடுதி, திருப்பணி.
எஞ்சிய 5 குடும்பங்கள்: விடுதி, திருப்பணி, பாடசாலை.

இனி இரண்டிரண்டாக ஒப்பிடுவோம். திருப்பணியா, பாடசாலையா என்று கேட்டால் முதற் பிரிவினரும் மூன்றாம் பிரிவினரும் திருப்பணிக்குக் கையுயர்த்துவர். திருப்பணி 10-க்கு 5 என்று வெல்லும். பாடசாலையா, விடுதியா என்று கேட்டால் முதலிரு பிரிவினரால் பாடசாலை 10-க்கு 5 என்று வெல்லும். திருப்பணி பாடசாலையை வென்றது, பாடசாலை விடுதியை வென்றது. எனவே திருப்பணி விடுதியை எளிதில் வெல்லும் என்றுதானே எதிர்பார்ப்போம்? கேட்டுப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் பிரிவினர் சேர்ந்து விடுதியையே 10-க்கு 5 என்று வெற்றிபெறச் செய்வர்!

பாட்டனார் தந்தையினும் மூத்தவர், தந்தை மகனினும் மூத்தவர். ஆகவே பாட்டனார் மகனினும் மூத்தவர் என்பதில் ஐயமில்லை. இத்தன்மையைக் கணிதத்தில் கடப்பு உறவு என்பர். நம் ஊரில் ஒவ்வொரு குடும்பத்தின் விருப்பமும் கடப்பு உறவாகவே இருந்தது. ஒருவரும் முரண்படப் பேசவில்லை. ஆனால் அவ்விருப்பங்களைப் பெரும்பான்மையால் ஒன்றாக்கியவுடன் அத்தன்மை மறைந்து, மூன்றும் வட்டமாகச் சுழல்கின்றன. தனித்தனியே அறிவோடு நிற்பவர் கூடி நிற்கும்போது அக்கூட்டத்துக்குத் தெளிந்த விருப்பம் ஒன்று இருந்தே தீரும் என்பதில்லை.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படும். தலைவர் முதலில் திருப்பணியையும் பாடசாலையையும் போட்டியிடச் செய்து, வென்றதை விடுதியோடு மோதவிட்டால் இறுதியில் விடுதி வெல்லும். முதலில் பாடசாலையையும் விடுதியையும் எடுத்துக்கொண்டால் இறுதி வெற்றி திருப்பணிக்கு. முதலில் விடுதியையும் திருப்பணியையும் எடுத்துக்கொண்டால் பாடசாலை வெல்லும். அதே 15 குடும்பங்கள், அதே விருப்பங்கள். எதை முதலில் கேட்பது என்று நிரல் வகுத்தவரே முடிவையும் வகுத்துவிட்டார். அவர் சூதறியாத நல்லவராகவும் இருக்கலாம். தாம் செய்தது இன்னதென்று அவருக்கே தெரியாமலும் போகலாம்.

இரண்டாம் பாடம்: ஆரோ கண்ட தேற்றம்

இச்சுழற்சியை 1785-இல் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் கொந்தோர்சே எடுத்துக்காட்டினார். இதனை முழுத் தேற்றமாக நிறுவியவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ. அவர் 1940-இல் நியூயார்க் நகரக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, போலந்திலிருந்து வந்திருந்த அளவையியல் பேரறிஞர் ஆல்ஃபிரெட் டார்ஸ்கியிடம் உறவுகளைப் பற்றிய தருக்கத்தைக் கற்றார். பொருள்களுக்கிடையே உள்ள உறவை ஆராய்வதற்கு டார்ஸ்கி கற்பித்த கருவியை மனிதரின் விருப்ப வரிசைகளின்மேல் செலுத்தி, 1951-இல் தம் நூலை வெளியிட்டார் ஆரோ.

நல்ல வாக்களிப்பு விதி ஒன்றிடம் அவர் எதிர்பார்த்தவை மிகையானவை அல்ல. மக்கள் எவ்வகை வரிசையைக் கூறினாலும் அவ்விதி கடப்புத் தன்மையுள்ள ஒரு பொது வரிசையைத் தர வேண்டும். எல்லோரும் ஒன்றைவிட மற்றொன்றை விரும்பினால் பொது வரிசையிலும் அவ்வாறே அமைய வேண்டும். திருப்பணி, பாடசாலை ஆகிய இரண்டில் எது மேல் என்பதை அவ்விரண்டைப் பற்றிய கருத்துகளே முடிவு செய்ய வேண்டும். இடையில் விடுதியைப் பற்றி எவர் என்ன நினைத்தாலும் அது குறுக்கிடலாகாது. எவரேனும் ஒருவருடைய விருப்பமே எப்போதும் ஊர் முடிவாகிவிடக் கூடாது. அவ்வளவே.

தேர்வுக்குரியவை மூன்றோ அதற்கு மேலோ ஆகுமானால் இந்நிபந்தனைகள் அனைத்தையும் ஒருங்கே நிறைவேற்றும் விதி எதுவும் இருக்க இயலாது என்பதே ஆரோவின் தேற்றம். இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது இதன் பொருளன்று. இருக்கவே இயலாது என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே எந்த ஊரின் எந்த விதியும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே மற்றவற்றைக் காக்கின்றது. நாம் எதை விட்டுக்கொடுக்கின்றோம் என்பதை அறிந்து விட்டுக்கொடுப்பதே அறிவுடைமை.

மூன்றாம் பாடம்: விதி கேட்பதையே எண்ணிக்கை கூறும்

நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் உறுப்பினர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தி வாக்களிப்பர். முதல் விருப்பத்தில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிடில், கடைசியில் நிற்பவரை நீக்கி அவருடைய வாக்குச் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பத்தை எண்ணுவர். 1969-இல் நடந்த தேர்தல் இவ்வகையில் கற்கத் தக்கது. முதல் எண்ணிக்கையில் வி.வி. கிரிக்கு 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769 என வாக்கு மதிப்புகள் கிடைத்தன. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. எவரும் அதனை எட்டவில்லை. அடுத்த விருப்பங்களை எண்ணி முடித்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிரி வென்றார்.

இவ்வெண்களைச் சற்றே கழித்துப் பாருங்கள். முதலில் இருவருக்கும் இடையே இருந்த தொலைவு 87,967. இறுதியில் 14,650 மட்டுமே. பிறரிடமிருந்து வந்த வாக்குகளில் ரெட்டிக்கு 91,879, கிரிக்கு 18,562. முதல் விருப்பத்தை மட்டும் கேட்கும் விதி பெரிய இடைவெளியைக் காட்டியது. அடுத்த விருப்பத்தையும் கேட்ட விதி நெருங்கிய போட்டியைக் காட்டியது. இரண்டும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் தான் கேட்ட கேள்விக்கு உரிய விடையைத் தந்தது.

அண்மையில் இலங்கையிலும் இதனைக் கண்டோம். 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த அதிபர் தேர்தலில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமையால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. அநுர குமார திசாநாயக்க 57,40,179 வாக்குகளும் சஜித் பிரேமதாச 45,30,902 வாக்குகளும் பெற்றனர். வென்றவரின் தொகை அப்போதும் செல்லத்தக்க வாக்குகளில் பாதியை எட்டவில்லை. நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு வாக்களித்தோரில் மிகப் பலர் எஞ்சிய இருவருக்கும் அடுத்த விருப்பம் எதையும் குறிக்காததே காரணம். விதி கேட்கும் அளவுக்கு மக்களும் கூற வேண்டும். இல்லையேல் விதியின் கேள்வி வீணாகும்.

நான்காம் பாடம்: கல்லில் வெட்டிய விதி

வரிசை கேட்கும் விதிகளுக்கு மற்றோர் இடர் உண்டு. தாம் உள்ளத்தில் விரும்பும் வரிசையை மறைத்துப் பொய் வரிசை கூறினால் தமக்கு நன்மை விளையும் என்ற நிலை ஏற்படலாம். தேர்வுக்குரியவை மூன்றோ மேலோ ஆகி, ஒவ்வொன்றுக்கும் வெல்லும் வாய்ப்பு இருந்து, சீட்டுக் குலுக்கல் கலவாத விதியாகவும் இருந்தால், ஒருவரே எஜமானராக இருக்கும் விதி ஒழிய மற்றெல்லா விதிகளிலும் இவ்விடர் உண்டு என்பதை ஆலன் கிப்பர்டு 1973-இலும் மார்க் சாட்டர்த்வைட் 1975-இலும் நிறுவினர்.

சீட்டுக் குலுக்கல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது உத்தரமேரூர். முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூர்ச் சபையின் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடுவர். சபையார் அனைவரும் கூடியிருக்க, ஏதுமறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். நடுநிலையாளராகிய மத்தியஸ்தர் விரல்கள் ஐந்தையும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை வாங்கி உரக்கப் படிப்பார். இவ்வாறு தேர்ந்தவர் 30 பேர். அவர்களுள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் செல்வர். பதவிக் காலம் 360 நாள்.

பெயர் ஓலையில் ஏறுவதற்கு முன்னரே தகுதிகள் வரையறுக்கப்பட்டிருந்தன. 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க இயலாது. இம்முறையில் எவரும் எவரையும் வரிசைப்படுத்துவதில்லை. ஆகவே பொய் வரிசை கூறி ஆதாயம் பெற வழியே இல்லை. ஓலை எடுப்பவன் சிறுவன், வாங்குவது விரித்த கை. வஞ்சனைக்குரிய வாயில்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து அடைத்திருக்கின்றனர்.

இதனைக் குறையற்ற முறை என்று நாம் கூறவில்லை. அது வேதம் கற்ற நிலக்கிழார்களின் ஊர். பெண்களுக்கும் நிலமற்றவர்க்கும் குடத்தில் ஓலை இல்லை. அவ்வாறாயினும் ஒன்றைக் கற்கலாம். எவர் பெயர் வரும் என்று அறியாத நிலையிலேயே விதியைக் கல்லில் வெட்டி வைத்தனர். விதி முன்னர், பெயர் பின்னர். இம்முறைவைப்பே நாம் கருத வேண்டிய செல்வம்.

ஐந்தாம் பாடம்: மூவர் குழுவின் மெய் அட்டவணை

இப்போது அத்தந்தையாரின் கேள்விக்குத் திரும்புவோம். எங்கள் நிதியின் விதி ஒரே வாக்கியம். மாணவிக்குத் தேவையும் இருக்க வேண்டும், தகுதியும் இருக்க வேண்டும். இரண்டும் உண்மையானால் மட்டுமே உதவி. அளவையியலில் இதனை ‘உம்’ இணைப்பு எனலாம். இரு கூறுகளில் ஒன்று பொய்யானாலும் முழுவதும் பொய்யாகும்.

முதல் உறுப்பினர்: தேவை உண்டு, தகுதி உண்டு. ஆகவே கொடுக்கலாம்.
இரண்டாம் உறுப்பினர்: தேவை உண்டு, தகுதி இல்லை. ஆகவே வேண்டாம்.
மூன்றாமவராகிய நாம்: அவர்களுக்குச் சிறிது நிலம் உண்டென்று கேள்விப்பட்டிருந்தமையால், தேவை இல்லை, தகுதி உண்டு. ஆகவே வேண்டாம்.

கூட்டத்தில் கேட்கப்பட்டது “கொடுக்கலாமா?” என்ற ஒரே கேள்வி. இருவர் வேண்டாம் என்றனர். மறுக்கப்பட்டது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். ஆனால் அட்டவணையை மேலிருந்து கீழாகப் படியுங்கள். தேவை உண்டா? இருவர் உண்டு என்றனர். தகுதி உண்டா? இருவர் உண்டு என்றனர். குழு பெரும்பான்மையால் தேவையையும் ஏற்றது, தகுதியையும் ஏற்றது, இரண்டும் இருந்தால் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் ஏற்றது. அங்ஙனம் ஏற்றுக்கொண்டே உதவியை மறுத்தது. மூவருள் ஒருவரும் தருக்கத்தில் பிழை செய்யவில்லை. பிழை குழுவில் பிறந்தது. தந்தையாருக்கு எங்களால் விடை கூற இயலாததன் காரணம் இதுவே. தேவையில்லை என்பதும் குழுவின் கருத்தன்று, தகுதியில்லை என்பதும் குழுவின் கருத்தன்று.

இத்தகைய முரணைச் சட்ட அறிஞர்கள் நீதிபதிகள் பலர் அமரும் ஆயங்களில் கண்டறிந்தனர். 2002-இல் கிறிஸ்டியன் லிஸ்ட், பிலிப் பெட்டிட் என்னும் இருவர் இதனைத் தேற்றமாக்கினர். ஒன்றோடொன்று இவ்வாறு பிணைந்த கூற்றுகளின்மேல், எவர் என்ன கூறினாலும் முரணின்றி முடிவு தரக்கூடியதும், எல்லோரையும் ஒப்ப மதிப்பதும், ஒவ்வொரு கூற்றையும் ஒரே முறையில் தனித்தனியே தீர்ப்பதுமான விதி இல்லை என்று காட்டினர். காரணங்களின்மேல் வாக்கெடுத்தால் முடிவின்மேல் உள்ள பெரும்பான்மையை இழக்க நேரும். முடிவின்மேல் வாக்கெடுத்தால் காரணத்தை இழக்க நேரும். இரண்டில் ஒன்றை முன்னரே தேர்ந்துகொள்ள வேண்டும். நாங்கள் தேரவில்லை. தேர வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அம்மாணவி அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை.

சியாத்வாதம் தரும் தெளிவு

ஒரு பொருளைப் பற்றிக் கூறும் எக்கூற்றும் ஒரு நோக்கிலிருந்தே கூறப்படுகின்றது என்பதும், அந்நோக்கைச் ‘சியாத்’ என்னும் சொல்லால் குறிப்பிட வேண்டும் என்பதும் நம் ஆசாரியர் கற்பித்தவை. ஒரு நயத்தையே முழு உண்மையெனக் கொள்வது நயாபாசம் என்றும் எச்சரித்தனர். உண்டு, இல்லை, சொல்லொணாதது என்னும் மூன்றைத் தனித்தனியே கொண்டால் 3, இரண்டிரண்டாகச் சேர்த்தால் 3, மூன்றையும் சேர்த்தால் 1, ஆக 7 பங்கங்கள். புள்ளியியல் அறிஞர் பி.சி. மகலனோபிஸ் 1954-இல் சியாத்வாதத்தைப் புள்ளியியலின் அடிப்படைகளோடு ஒப்பிட்டு எழுதினார். உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-இல் இதனைத் தற்கால அறிவியலோடு பொருத்தி ஆராய்ந்தார்.

நம் முன்னோர் ஆரோவின் தேற்றத்தை அன்றே கண்டனர் என்று பெருமை பேசுவது நன்ஞானம் ஆகாது. ஆயினும் அவர்கள் தந்த கண்ணால் இதனைப் பார்க்கலாம். காரணங்களை எண்ணும் விதியின் நோக்கில் அம்மாணவிக்கு உதவி உண்டு. முடிவை எண்ணும் விதியின் நோக்கில் இல்லை. முறையாக அடுத்தடுத்துக் கூறின் உண்டும் இல்லையும். இரு நோக்கையும் ஒருங்கே ஒரு சொல்லில் கூறுக எனின் சொல்லொணாதது. நாம் தந்தையார்முன் வாய்மூடி நின்றது அவ்விடத்தில்தான். ஆனால் நம் மௌனம் ஞானியரின் மௌனம் அன்று. எந்த நோக்கில் முடிவு செய்தோம் என்பதை நாமே அறியாமல் நின்ற மௌனம்.

எல்லாம் ஒரு நோக்கில் சரியே, ஆகவே எப்படியும் முடிவு செய்யலாம் என்பது இதன் பொருளன்று. நோக்கைக் குறிப்பிட்டவுடன் கூற்று திட்டவட்டமாகின்றது. ‘ஊர் முடிவு செய்தது’ என்பது பாதிக் கூற்று. ‘இன்ன விதிப்படி, இன்ன வரிசையில் கேட்டபோது, ஊர் முடிவு செய்தது’ என்பதே முழுக் கூற்று.

வட்டத்தை உடைக்கும் வழி

முதற் பாடத்தில் கண்ட சுழற்சிக்கு மருந்து உண்டா? சாந்திநிகேதனில் 1933-இல் பிறந்து, 1998-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் 1966-இல் ஒரு வழி காட்டினார். வாக்களிப்போர் தொகை ஒற்றைப்படையாக இருந்து, மூன்று யோசனைகளுள் ஏதேனும் ஒன்றை “இது கடைசி அன்று” என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டாலே போதும், பெரும்பான்மை சுழலாது என்று நிறுவினார்.

நம் கற்பனை ஊரில் விடுதியை விரும்பிய 5 குடும்பத்தார் பிள்ளைகளின் நிலையைப் பிறர் கூறக் கேட்டு, பாடசாலையைக் கடைசியில் வைக்க வேண்டாம் என்று எண்ணித் தம் வரிசையை விடுதி, பாடசாலை, திருப்பணி என்று மாற்றிக்கொள்வதாகக் கொள்வோம். அவர்களுடைய முதல் விருப்பம் மாறவில்லை. ஆயினும் இப்போது பாடசாலை திருப்பணியை 10-க்கு 5 என்றும், விடுதியை 10-க்கு 5 என்றும் வெல்கின்றது. எதை முதலில் கேட்டாலும் பாடசாலையே வெல்லும். நிரல் வகுப்பவரின் மறைமுக ஆட்சி முடிவுற்றது.

ஒருமித்த கருத்து வேண்டும் என்று நள்ளிரவுவரை வாதிட்டுப் பகைத்துப் பிரியும் கூட்டங்களை நாம் கண்டிருக்கின்றோம். அவ்வளவு வேண்டியதில்லை. மற்றவருடைய முதல் விருப்பத்தை நம் கடைசி விருப்பமாக வைக்காதிருக்கும் அளவுக்குக் காதுகொடுத்துக் கேட்டால் போதும். அநேகாந்தம் கேட்பதும் அவ்வளவே.

நம் கூட்டங்களுக்குச் சில நெறிகள்

1. எவ்விதியால் முடிவு செய்வது என்பதை, யோசனைகளையும் பெயர்களையும் அறியும் முன்னரே தீர்மானப் புத்தகத்தில் எழுதுக.
2. மூன்று யோசனைகள் இருப்பின் இரண்டிரண்டாக எல்லா இணைகளையும் கேட்டு எண்ணிக்கையை எழுதுக. சுழற்சி தோன்றினால் மறைக்காமல் மீண்டும் பேசுக.
3. ஒருவருக்கு உதவியோ பதவியோ மறுக்கும்போது காரணங்களின்மேல் வாக்கெடுப்பதே நன்று என்பது நம் கருத்து. மறுக்கப்பட்டவர்க்குக் காரணம் அறியும் உரிமை உண்டு.
4. கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்கலாகாது. இதற்குத் தேற்றம் வேண்டா. உத்தரமேரூர்க் கல்லே போதும்.

அத்தந்தையார் இன்று வந்து கேட்பாராயின் நாம் கூறக்கூடிய விடை இது: “ஐயா, உங்களுக்குத் தேவை உண்டென்று மூவரில் இருவர் கூறினோம். பிள்ளைக்குத் தகுதி உண்டென்றும் இருவர் கூறினோம். தகுதி உண்டென்றவர்களில் நானும் ஒருத்தி. எந்தக் கேள்விக்கு வாக்கெடுப்பது என்பதை நாங்கள் முன்னரே ஆராயவில்லை. குறை உங்களிடமும் இல்லை, பிள்ளையிடமும் இல்லை, எங்களிடம்தான்.” இவ்விடை அவளைப் பள்ளிக்கு மீட்டுக் கொணராது. இனியொரு பிள்ளைக்கு அந்நிலை நேராமல் காக்க உதவுமாயின் இப்பாடம் பயன்பட்டதாகும்.

பயிற்சி: பிள்ளைகளோடு அமர்ந்து செய்க

1. செயலாளர் பதவிக்குக் கண்ணன், சாந்தி, தருமன் எனக் கற்பனையாக மூவர் நிற்கின்றனர். வாக்காளர் 9 பேர். நால்வரின் வரிசை கண்ணன், சாந்தி, தருமன். மூவரின் வரிசை தருமன், சாந்தி, கண்ணன். இருவரின் வரிசை சாந்தி, தருமன், கண்ணன். முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் வெல்பவர் யார்? கடைசியில் நிற்பவரை நீக்கி அடுத்த விருப்பத்தை எண்ணினால் யார்? இரண்டிரண்டாக ஒப்பிட்டால் யார்?

2. தேவை, தகுதி இரண்டில் ஒன்று இருந்தாலும் உதவி கொடுக்கலாம் என்று விதி இருப்பதாகக் கொள்க. தேவை இல்லை, தகுதியும் இல்லை என்று மூவர் குழு பெரும்பான்மையால் கூறிவிட்டு, உதவியை மட்டும் கொடுக்குமாறு ஓர் அட்டவணை அமைக்க.

விடைகள்: முதற் கணக்கில் முறையே கண்ணன், தருமன், சாந்தி. ஒரே வாக்குகள், மூன்று விதிகள், மூன்று வெற்றியாளர். இரண்டாவதில் ஒருவர் தேவை மட்டும் உண்டு என்றும், மற்றொருவர் தகுதி மட்டும் உண்டு என்றும், மூன்றாமவர் இரண்டும் இல்லை என்றும் கூறுவதாக அமைத்துப் பார்க்க.

வளர்க நல்லறம்! வாழ்க வையகம்!